எட்டு மணி மாத்திரையும் மூன்று ஸ்பெஷல் டிரிப்பும்

மார்ச் 2, திங்கள்

காலை பத்தே காலுக்கு மகள் சண்முகப்ரியாவைக் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பஸ் பன்னிரண்டு நிமிடம் லேட். நான் தென்காசி டெப்போவில் டைம் கீப்பராக இருந்த காலமாக இருந்தால் அந்த டிரைவர் என் மேஜைக்கு முன்னால் நின்று பதில் சொல்லியிருப்பான். இப்போது கேட்க நாதியில்லை.

டிசம்பரில் திருநெல்வேலியில் என் மனைவி உலகம்மாளுக்கு இதயத்தில் வால்வு மாற்றினார்கள். செயற்கை வால்வு. அதில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க தினமும் ராத்திரி எட்டு மணிக்கு வார்ஃபரின் என்று ஒரு மாத்திரை, ஐந்து மில்லிகிராம். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டிவிடும், கூடினால் உள்ளே ரத்தம் கசியும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஐ.என்.ஆர். என்று ஒரு ரத்தப் பரிசோதனை. அந்த எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும்.

மூன்று மாதம் லீவு போட்டு மகள்தான் கொடுத்தாள். இன்று போகும்போது ஒரு நிபந்தனை வேறு. "எப்பா, இருபத்தேழாம் தேதி பிளட் டெஸ்ட். நம்பர் சரியா வந்தா அம்மா உங்ககூட இருக்கட்டும். ஏறுமாறா வந்துச்சு, நான் கோயம்புத்தூருக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். உங்களுக்குப் பால் காய்ச்சவே தெரியாது."

பெற்ற பெண்ணா, செக்கிங் இன்ஸ்பெக்டரா? முப்பத்து நான்கு வருடம் ஊருக்கெல்லாம் பஸ் அனுப்பியவனுக்கு ஒரு மாத்திரையை நேரத்துக்கு அனுப்பத் தெரியாதாமா? உலகம்மாள் எங்கேயும் போகப்போவதில்லை. தினமும் குறித்து வையுங்கள் என்று டாக்டரம்மா சொன்னதால் இந்த நோட்டு.

ராத்திரி 8.00. மாத்திரை கொடுத்தேன்.

மார்ச் 3, செவ்வாய்

சுவரில் டைம் ஷீட் ஒட்டினேன். மாத்திரை அட்டைகளையும் மருந்துச் சீட்டையும் ஸ்டீல் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டேன். சீட்டைப் படிக்க முயன்றேன். டாக்டரம்மாவின் எழுத்து கோழி கிளறின குப்பை மாதிரி இருக்கிறது.

"என் மாத்திரைய என் கையில குடுத்தா நான் போட்டுக்க மாட்டேனா?" என்றாள் உலகம்மாள்.

அவள் அங்கன்வாடியில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள். பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து விட்டிருக்கிறாள். அதற்காக? இது பெரியவர்கள் மருந்து. "நீ பேஷண்டு. பேசாம இரு" என்று சொல்லிவிட்டேன்.

8.00. மாத்திரை.

மார்ச் 4, புதன்

8.00. மாத்திரை. ஒரு செகண்டு பிசகவில்லை.

மார்ச் 6, வெள்ளி

மாத்திரை வாங்க மெடிக்கல்ஸுக்குப் போனேன். அங்கே ஜெசிந்தா என்று ஒரு மருந்தாளுநர். கெட்டிக்காரி, ஆனால் வாய் ஜாஸ்தி. "சார், இந்த மாத்திரைக்கும் கீரைக்கும் ஆகாது. அதுக்காக ஒரேயடியா நிறுத்தவும் கூடாது, திடீர்னு கூட்டவும் கூடாது. எப்பவும் சாப்பிடுற அளவு எதுவோ, அதே அளவு" என்றாள்.

எனக்கு இந்த வழவழா கொழகொழா பிடிக்காது. ஆகாது என்றால் ஆகாதுதானே? வீட்டுக்கு வந்ததும் கீரைக்குத் தடை போட்டேன். கொல்லையில் நிற்கிற முருங்கையிலிருந்து ஓர் இலை சமையலறைக்குள் வரக்கூடாது.

"ரெண்டு நாளைக்கு ஒருக்க முருங்கைக்கீரை திங்கவ நான். அந்த அம்மா நிறுத்தச் சொன்னாங்களா, அளவாத் திங்கச் சொன்னாங்களா?"

"குறைச்சா நல்லது. நிறுத்தினா இன்னும் நல்லது."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

8.00. மாத்திரை.

மார்ச் 9, திங்கள்

மாலையில் வெயில் தாழ நாற்காலியில் உட்கார்ந்தவன் சற்றுக் கண்ணயர்ந்தேன். கண் விழித்தபோது மணி ஐந்து. விடியற்காலை ஐந்து. ஆகவே இதைப் பத்தாம் தேதி எழுதுகிறேன்.

"எழுப்ப மாட்டியாளா?" என்று உலகம்மாளிடம் எகிறினேன்.

"எட்டு மணிக்கு எழுப்புனேன். தலை வலிக்கு, போ அங்கிட்டுன்னு விரட்டுனிய. சாவி உங்க இடுப்புல. நான் என்ன செய்ய?"

தலை கொஞ்சம் கனமாக இருந்தது உண்மை. வெயில்தான், வேறொன்றும் இல்லை.

ஒரு டிரிப் கட். இதைச் செக்கிங் இன்ஸ்பெக்டரிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

மார்ச் 11, புதன்

பக்கத்து வீட்டுப் பேச்சிமுத்து அண்ணாச்சி வந்தார். உலகம்மாள் முழங்கால் வலி என்றதும் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். "எனக்குப் போட்ட பத்தாவது நிமிசம் வலி பறந்துட்டு. மைனிக்கு ரெண்டு குடும். இத வச்சுக்கிட்டா நான் மலையே ஏறுவேன்."

உலகம்மாள் வேண்டாம் என்றாள். நான் பாதுகாப்புக்காக ஜெசிந்தாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கடை அதிரக் கத்திவிட்டாள். "சார்! ரத்தம் உறையாம இருக்க ஒரு மாத்திரை போட்டுக்கிட்டு, மேல இதையும் போட்டா வயித்துக்குள்ள ரத்தம் கசியும். ஒருத்தருக்கு எழுதின மாத்திரைய இன்னொருத்தர் தொடவே கூடாது."

என் முன்ஜாக்கிரதையால் பெரிய ஆபத்து தவிர்க்கப்பட்டது. இதை வீட்டில் சொன்னேன். "வேண்டாம்னு மொத ஆளா நான்லா சொன்னேன்?" என்கிறாள். நல்லது செய்தால் பேர் கிடைக்காது.

8.00. மாத்திரை. படி ஏறும்போது கொஞ்சம் கிறுகிறுப்பு. எனக்கு. தண்ணீர் குடித்ததும் சரியாகிவிட்டது.

மார்ச் 14, சனி

ராஜபாளையம். உலகம்மாளின் தம்பி மகளுக்கு நாளைக் காலை கல்யாணம். மண்டபத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கொண்டுவந்தவை: குடை, டார்ச் லைட், மொய்க் கவர், போர்வை இரண்டு, வெந்நீர் பிளாஸ்க், பீரோ சாவி. பீரோவை இரண்டு முறை இழுத்துப் பார்த்துப் பூட்டிவிட்டுத்தான் கிளம்பினேன். சாவி பத்திரமாக இடுப்பில் இருக்கிறது.

மாத்திரை பீரோவுக்குள் இருக்கிறது.

எட்டு மணிக்குத்தான் உறைத்தது. மண்டபத்துக்கு எதிரே மெடிக்கல்ஸ் இருந்தது. ஓடினேன். "இந்த மாத்திரைய டாக்டர் சீட்டு இல்லாமத் தரமாட்டோம்" என்றார்கள். சீட்டும் பீரோவுக்குள். சண்முகப்ரியாவிடம் கேட்டால் சீட்டின் படத்தைப் போனில் அனுப்புவாள். அம்மாவுக்குக் கோயம்புத்தூர் டிக்கெட்டும் போட்டுவிடுவாள். கேட்கவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

கல்யாணம் நன்றாக நடந்தது. பாயசம் தண்ணி. சாயங்காலம் கிளம்பலாம் என்றால் சம்பந்தி வீட்டார் விடவில்லை. இன்றும் டிரிப் கட்.

"போன் போட்டு டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேளுங்களேன்" என்று உலகம்மாள் நான்கு முறை சொல்லிவிட்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரம் அவள்மேல் இல்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 16, திங்கள்

மதியம் வீடு வந்து சேர்ந்தோம். முதல் வேலையாகப் பீரோவைத் திறந்து எண்ணினேன். ஒன்பது, பதினான்கு, பதினைந்து. ஆக மூன்று டிரிப் ஓடவில்லை.

டெப்போவில் இதற்கெல்லாம் யாரும் கலங்கமாட்டோம். காலையில் ஒரு பஸ் பிரேக் டவுன் ஆகி டிரிப் கட்டானால், சாயங்காலம் ஒரு ஸ்பெஷல் விட்டு ஈடுகட்டிவிடுவோம். மாதக் கடைசியில் ஓட வேண்டியதும் ஓடியதும் நேராக நிற்கும். ரிட்டயர்டு ஆகும்வரை என் ஷீட்டில் ஒரு டிரிப் குறைந்ததில்லை. இன்றிலிருந்து மூன்று நாள், தினம் ஒரு ஸ்பெஷல்.

எட்டு மணிக்கு அவள் உள்ளங்கையைப் பார்த்தாள். "என்ன ரெண்டு கெடக்கு?"

"ஒண்ணு ரெகுலர். ஒண்ணு ஸ்பெஷல்."

"எங்க சென்டர்ல ஒரு பிள்ளைக்கு ஒரு தடவ மருந்து விட்டுப்போச்சுன்னா அடுத்த தடவ ரெட்டிப்பா ஊத்தமாட்டோம்."

"அது சொட்டு மருந்து. இது மாத்திரை."

"டாக்டர்ட்டக் கேட்டியளா?"

கத்திவிட்டேன். எதிர்வீட்டு நாய் குரைக்கிற அளவுக்குக் கத்தினேன். அவள் இரண்டையும் விழுங்கிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மார்ச் 17, செவ்வாய்

8.00 ரெகுலர். 8.01 ஸ்பெஷல். உலகம்மாள் என்னோடு பேசவில்லை.

மார்ச் 18, புதன்

8.00 ரெகுலர். 8.01 ஸ்பெஷல். மூன்றும் ஓடி முடிந்தது. இனி இருபத்தேழாம் தேதி யார் வேண்டுமானாலும் வந்து செக் பண்ணட்டும்.

மார்ச் 19, வியாழன்

காலையில் பல் தேய்க்கும்போது அவளுக்கு ஈறில் ரத்தம். பிரஷ் முரடாக இருக்கிறது. மெத்தென்று ஒரு பிரஷ் வாங்கிவந்தேன்.

சாயங்காலமும் ரத்தம். இந்தப் பிரஷும் சரியில்லை.

8.00. மாத்திரை.

மார்ச் 20, வெள்ளி

காலையில் அவள் இடது முழங்கைக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாரித்துக் கிடந்தது. "எங்கயாவது இடிச்சியா?" என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். "பீரோ கதவு இடிச்சிருக்கும்" என்றேன். "பீரோவ நீங்க எங்க என்னைத் தொட விட்டிய?" என்றாள். நான்கு நாளைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்.

சட்டையை மாற்றாமல் மெடிக்கல்ஸுக்கு ஓடினேன்.

ஜெசிந்தாவிடம் நைசாகப் பேச்சை ஆரம்பித்தேன். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்காரு. அவரும் வீட்டுக்காரம்மாவுக்கு இதே மாத்திரைதான் குடுக்காரு. நடுவுல மூணு நாள் விட்டுப்போச்சு. பொறவு மூணு நாள் ரெண்டு ரெண்டாக் குடுத்து ஈடுகட்டிட்டாரு. அது ஒண்ணும் பண்ணாதுல்லா?"

அவள் கையில் இருந்ததைக் கீழே வைத்தாள். "அந்த ஒருத்தர் பனியனோடயா வந்திருக்காரு சார்?"

குனிந்து பார்த்தேன். சட்டையை மாற்றாமல் வந்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். சட்டையே போடாமல் வந்திருக்கிறேன்.

பிறகு அவள் கத்தவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. நிதானமாகச் சொன்னாள். "விட்டுப்போன மாத்திரை விட்டதுதான் சார். அன்னைக்கே ஞாபகம் வந்தா, அன்னைக்கே போடலாம். மறுநாள் ஆயிட்டா, அதை விட்டுட்டு வழக்கமான ஒண்ணு மட்டும் போட்டுட்டு, நோட்டுல எழுதி வச்சு டாக்டர்ட்ட சொல்லணும். ரெண்டா ஒருக்காலும் போடக்கூடாது. போன நாளைக்குப் போய்ச் சேராது, இருக்கிற மருந்தோடதான் கூடும். அதுலயும் இது இன்னைக்குப் போட்டா, ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் முழு வேலையக் காட்டும். கீரையாவது எப்பவும் போலக் குடுத்தீங்களா?"

"நிறுத்திட்டேன்."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "கீரை இந்த மருந்தைக் கொஞ்சம் அடக்கி வைக்கும். அதைத் திடீர்னு நிறுத்தினா மருந்து எகிறும். இப்பவே லேப்புக்குக் கூட்டிட்டுப் போங்க. ராத்திரி மாத்திரை குடுக்காதீங்க, டாக்டருக்குப் போன் பண்ணுங்க."

ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனேன். ஊசி குத்திய இடத்தில் பஞ்சை எடுக்க எடுக்க ரத்தம் நிற்கவில்லை. லேப்காரர் கால் மணி நேரம் அழுத்திப் பிடித்தார். மதியம் ரிசல்ட் வந்தது. 5.8.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். இன்று மாத்திரை வேண்டாம், காலையில் வாருங்கள், மலம் கறுப்பாகப் போனாலோ, கடுமையான தலைவலி, வாந்தி வந்தாலோ காலைவரை காத்திருக்காமல் உடனே வாருங்கள் என்றார்கள். போனை வைப்பதற்குள் சண்முகப்ரியாவின் கால். ரிசல்ட் அவள் போனுக்கும் போயிருக்கிறது. லேப்பில் தன் நம்பரைக் கொடுத்து வைத்திருக்கிறாள். செக்கிங் இன்ஸ்பெக்டர் என்று சும்மாவா எழுதினேன்?

"ராத்திரி பஸ்ல வாரேன்" என்றாள். அவ்வளவுதான்.

இன்று எட்டு மணிக்கு மாத்திரை இல்லை. என் கையாலேயே அவளைக் கொல்லப் பார்த்திருக்கிறேன். வேறு எப்படி எழுதினாலும் அது பொய்.

மார்ச் 21, சனி

சண்முகப்ரியா விடியற்காலை வந்துவிட்டாள். மூன்று பேரும் திருநெல்வேலிக்குப் போனோம். வழியெல்லாம் மகள் என்னைப் பார்க்கவேயில்லை.

டாக்டரம்மா உலகம்மாளை முழுக்கப் பரிசோதித்துவிட்டு, உள்ளே எங்கும் கசிவு இல்லை என்றார்கள். மூச்சு வந்தது எனக்கு. பிறகு என்னைப் பார்த்து, "மாத்திரை சரியாத்தானே குடுத்தீங்க? விட்டது, கூட்டிக் குடுத்தது, சாப்பாட்டுல மாத்தினது ஏதாவது?" என்று கேட்டார்கள்.

மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். என் வாய் தானாகச் சொல்லியது. "ஒரு நிமிசம்கூடத் தவறல மேடம்."

உலகம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

"அப்படின்னா இவங்க உடம்புக்கு அஞ்சு ஒத்துக்கல. ரெண்டு நாள் நிறுத்திட்டு, இனிமே மூணு மில்லிகிராம்தான்" என்று டாக்டரம்மா பேனாவை எடுத்தார்கள்.

மூன்று மாதமாக அந்த ஐந்து அவளுக்குச் சரியாகத்தான் இருந்தது. தப்பு மாத்திரையில் இல்லை, என்னிடம் இருக்கிறது. இவர்கள் என் பொய்யை நம்பி மூன்றாகக் குறைத்தால், அடுத்த மாதம் வால்வில் ரத்தம் கட்டும். பொய் டிரிப் ஷீட்டை வைத்து நாளைய பஸ்ஸை விடுவது மாதிரி. அப்படி எழுதிய ஒருவனை நானே சஸ்பெண்டு செய்ய வைத்திருக்கிறேன்.

"மேடம், எழுதாதீங்க" என்றேன். மஞ்சப்பையிலிருந்து இந்த நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

அவர்கள் மௌனமாகப் படிப்பார்கள் என்று நினைத்தேன். வாய்விட்டுப் படித்தார்கள். "டாக்டரம்மாவின் எழுத்து கோழி கிளறின குப்பை மாதிரி..." நர்ஸ் சிரிப்பை அடக்கப் பின்பக்கம் திரும்பிக்கொண்டாள். "பெற்ற பெண்ணா, செக்கிங் இன்ஸ்பெக்டரா..." சண்முகப்ரியாவின் மூக்கு விடைத்தது. என் முகத்தில் ஈயாடவில்லை. "எட்டு மணி ரெகுலர், எட்டு ஒண்ணு ஸ்பெஷல்... இது என்ன சார், மாத்திரையா மினி பஸ்ஸா?"

கடைசிப் பக்கத்தைச் சத்தமில்லாமல் படித்தார்கள். மூன்று மில்லிகிராம் என்று ஆரம்பித்திருந்த சீட்டைக் கிழித்துப் போட்டார்கள்.

"அஞ்சே இருக்கட்டும். இன்னைக்கும் நாளைக்கும் வேண்டாம். திங்கட்கிழமை டெஸ்ட் பாத்துட்டு, சரியா இருந்தா மறுபடி தினம் ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. கீரை எப்பவும் போல." பிறகு நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "தலை கனம்னு எழுதியிருக்கீங்க, கிறுகிறுப்புன்னு எழுதியிருக்கீங்க. கையை நீட்டுங்க."

எனக்கு எதற்கு என்றேன். நீட்டச் சொன்னார்கள். 180க்கு 110.

"உங்களுக்குப் பிரஷர் மாத்திரை உண்டா?"

"நாலு வருசமா உண்டு மேடம்" என்றாள் உலகம்மாள். "தினம் போடுதாரே?"

"போடல" என்றேன். "இந்த மாசம் மூணாந் தேதில இருந்து போடல."

"ஏன்?" என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

சொல்லவேண்டியதாகிவிட்டது. "ரெண்டும் வெள்ளை, ரெண்டும் சின்ன மாத்திரை. ஒரே பீரோவுல இருந்தா என்னைக்காவது தவறி என்னோடத அவளுக்குக் குடுத்துட்டேன்னா? அதான் என்னோட அட்டையத் தூக்கிப் போட்டுட்டேன். அவளுக்குள்ளது மட்டும் இருக்கட்டும்னு."

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். உலகம்மாள்தான் பேசினாள். அந்த அறையில், அத்தனை பேருக்கு நடுவில்.

"கூறுகெட்ட மனுசா" என்றாள். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் என்னை அவள் அப்படிச் சொன்னதில்லை. சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். நர்ஸ் பஞ்சு கொண்டுவந்து கொடுத்தாள்.

மார்ச் 22, ஞாயிறு

காலையில் சண்முகப்ரியா அம்மாவின் சேலைகளைப் பையில் அடுக்கினாள். நான் தடுக்கவில்லை. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு தடுப்பது? போர்வையை நானே மடித்துக் கொடுத்தேன்.

உலகம்மாள் அடுக்களையிலிருந்து வந்தாள். கையில் முருங்கைக்கீரைப் பாத்திரம். பையைப் பார்த்தாள்.

"யாரு ஊருக்குப் போறா?"

"எம்மா, நம்பர் சரியில்லன்னா வரணும்னு பேசினோம்லா."

"நீயும் உங்கப்பாவும் பேசினிய. என்கிட்ட யாரு கேட்டா? மாத்திரை எனக்கு, வால்வு எனக்கு, வீடு எனக்கு. சாவி அவருட்ட, நம்பர் உன்கிட்ட." பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "என் மாத்திரைய இனிமே நானே எடுத்துப் போட்டுக்குவேன். சேலைய எடுத்து வெளிய வையி. இவர ஒத்தையில விட்டுட்டு நான் எங்கிட்டுப் போக? நூத்தி எம்பதுல்லா இருக்கு. நான் இங்க இருந்து இவரப் பாத்துக்கிடணும்."

சண்முகப்ரியா என்னைப் பார்த்தாள். நேற்று விடியற்காலை வந்ததிலிருந்து முதல் முறையாகப் பார்த்தாள். பிறகு சேலைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள்.

நான் அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தேன். முடிச்சு இறுகிப்போயிருந்தது. கத்தரிக்கோல் வைத்து வெட்ட வேண்டியதாயிற்று.

மார்ச் 23, திங்கள்

ஐ.என்.ஆர். 3.1. ராத்திரி எட்டு மணிக்கு ஒரு மாத்திரை. அவளே போட்டுக்கொண்டாள். நான் எழுதிக்கொண்டேன்.

மார்ச் 30, திங்கள்

ஐ.என்.ஆர். 2.9. இரண்டு பேருடைய மாத்திரைகளையும் தனித்தனி டப்பாவில் பேர் எழுதி, தனித்தனி அலமாரியில் வைத்திருக்கிறாள். இவ்வளவு சுலபமான விஷயம் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

என்னுடையது காலை எட்டு மணி. தண்ணீரோடு வந்து எதிரே நிற்கிறாள். விழுங்கினால் மட்டும் போதாது. அங்கன்வாடிப் பிள்ளைகளில் சில கன்னத்துக்குள் ஒதுக்கிவைத்துப் பிறகு துப்பிவிடுமாம்.

"வாயத் திறங்க."

"அறுபத்து மூணு வயசுளா எனக்கு."

"திறங்க. நாக்கத் தூக்குங்க."

சண்முகப்ரியா இதை வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். பேச்சிமுத்து அண்ணாச்சியும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். ஊரெல்லாம் சொல்லுவார், சொல்லட்டும். இவள் இந்த வீட்டில் இருக்கிறவரை, தினமும் வாயைத் திறந்து காட்டுவேன்.